அளவீடு என்று ஒரு வகை

ஆழம் ஒரு கோப்பில்,
வெப்பம் ஒரு கோப்பில்,
உப்பு ஒன்றில், நேரம் இன்னொன்றில்.
நூற்றிப் பன்னிரண்டாவது ஆழமும்
நூற்றிப் பன்னிரண்டாவது வெப்பமும்
ஒரே தண்ணீரைச் சொல்கின்றன என்பது
எங்கும் எழுதியிருக்கவில்லை.
என் தலைக்குள் மட்டும் இருந்தது.

பங்குனியில் ஒரு பின்னேரம்,
மிகச் சூடான நீர் எதுவென்று பார்க்க
வெப்பத்தை மட்டும் வரிசைப்படுத்தினேன்.
மற்ற மூன்றும் அசையவில்லை.
கொட்டியாரக் குடாவின் பள்ளத்தில்
இருநூறு மீற்றருக்குக் கீழே
முப்பது பாகையில் ஒரு நீரோட்டம் கண்டேன்.
மூன்று நாள் தூங்கவில்லை.
அதற்கு வைக்கப் பெயர்கூட யோசித்தேன்.

மெர்சலின் திரையை எட்டிப் பார்த்தாள்.
"கன்னியாவின் ஏழு கிணற்றையும்
கடலுக்குள் கொண்டுபோய் வெட்டியிருக்கிறாய்" என்றாள்.
தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு உவர்மலையில் மின்சாரம் வந்ததும் எழுதினேன்:

    வகை அளவீடு
        மெய்யெண் ஆழம்
        மெய்யெண் வெப்பம்
        மெய்யெண் உப்பு
        முழுவெண் நேரம்
        இடம் எங்கே
        எழுத்து(64) குறிப்பு
    வகை முடிவு

இடம் என்பதும் நான் முன்னமே செய்த வகைதான்.
அகலாங்கு ஒன்று, நெட்டாங்கு ஒன்று.
பெட்டிக்குள் பெட்டி.
க் தனியே, அ தனியே கிடந்தவை
க என்று ஒரே மூச்சில் வருவதுபோல்
ஒரு வாளித் தண்ணீர்
முதன்முறையாக ஒரே பெயருக்கு வந்தது.
இனி ஆழத்தைப் பிடித்து இழுத்தால்
வெப்பமும் உப்பும் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வரும்.

அப்படியும் கம்பைலர் விடவில்லை.
இரண்டு அளவீட்டைக் கூட்டத் தெரியாது என்றது.
நியாயம்தான்.
வெப்பத்துக்குச் சராசரி உண்டு.
நிலாவெளியையும் மூதூரையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
எந்தக் கரையில் இறங்குவது?
கூட்டல் என்றால் இங்கே இதுதான் என்று
அதையும் நானே உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.

வைகாசியில் கடல் உறைந்தது.
சராசரி, பூச்சியத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.
அளக்க முடியாத நாட்களில் யாரோ
−999 என்று போட்டு வைத்திருக்கிறார்கள்.
மெய்யெண் என்று அறிவித்த பெட்டியில்
சுத்தப் பொய்.
வகைக்குள் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்: உண்டு.
ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான் அது பேசும்.

இப்போது ஆயிரத்து நானூற்றுப் பதினேழாவது அளவீடு.
கேபிள் அறுந்த நாள்.
ஆழம் இல்லை, வெப்பம் இல்லை, உப்பு இல்லை.
கிண்ணியா அலியார் வள்ளத்தில் இருந்து
கையை நனைத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னதை
மெர்சலின் தட்டியிருக்கிறாள்:

    தண்ணி இண்டைக்கு ஒரு பார□

அறுபத்து நான்கு தாராளம் என்று நினைத்திருந்தேன்.
ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்,
நமக்கு மூன்று; ஐகாரத்தின் கொம்புக்குத் தனியே மூன்று.
அறுபத்து மூன்றில் 'ர' முடிந்தது.
மிச்சம் ஒரே ஒரு பைட்.

பாரமா? பாரையா?
அந்த ஒற்றை பைட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
தமிழில் எல்லா எழுத்தும் அதில்தான் தொடங்குகிறது.
சிங்களத்திலும் அதிலேதான்.
அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை.

நீளத்தை இருநூற்று ஐம்பத்தாறு ஆக்கினேன்.
இனி வருபவை முழுதாய் வரும்.
வெட்டுப்பட்டவை வெட்டுப்பட்டவைதான்.

அலியாரைக் கூப்பிட்டேன்.
பின்னால் எஞ்சின் சத்தம்.
"எந்த நாள் மகள்?" என்று கேட்டார்.
சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.
"பாரமெண்டா நான் வள்ளமே இறக்கியிருக்க மாட்டன்.
பாரையெண்டா
உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டன்."